புதுப்பித்தல் எனும் பெயரால்...

நூலைத் திறனாய்வோர் அதன் சொல்லையும் பொருளையும் நிறுத்துப் பார்ப்பர். ஓவியத்தைத் திறனாய்வோர் அதன் கோட்டையும் வண்ணத்தையும் ஆய்வர். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பணியை மட்டும் நம்மிடையே எவரும் அவ்வாறு எடைபோடுவதில்லை. திருப்பணி நிறைவுற்றது என்றால் நன்கொடையாளர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்படுகின்றன, பொன்னாடைகள் போர்த்தப்படுகின்றன, சிறப்பு மலர் வெளிவருகின்றது. செய்த பணி செம்மையானதுதானா, அதனால் எது நிலைத்தது, எது அழிந்தது என்னும் வினாவை அந்த மேடையில் எழுப்புவது பண்பாடன்று எனக் கருதப்படுகின்றது. மேடையில் கேட்க இயலாத அவ்வினாவை இப்பக்கங்களில் கேட்டுப் பார்ப்பது நன்று என எண்ணுகின்றோம். அதற்குத் தொடக்கமாக நாம் தேர்ந்துகொள்வது நம் பொருநை ஆற்றுப் படுகையின் மிகப் பழைய ஊராகிய கொற்கை.

கொற்கையின் பாடம்

ஏரலுக்கு அண்மையில், வாழைத் தோட்டங்களுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே ஒரு சிற்றூராகக் கிடக்கின்றது இன்றைய கொற்கை. பாண்டியரின் துறைமுகமாகவும் முத்துக்குளிப்பின் தலைநகராகவும் சங்கப் பாடல்கள் போற்றிய ஊர் இதுவே. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூலாகிய பெரிப்ளூசு, இப்பகுதியின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதைக் குறிப்பிடுகின்றது. முத்தின் ஒளிக்குப் பின்னே மூச்சடக்கிய மனிதர்கள் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. பொருநை கொணர்ந்த வண்டல் ஆண்டுதோறும் கழிமுகத்தில் படிய, கடல் விலகியது. இன்று கொற்கைக்கும் கடலுக்கும் இடையே சில கல் தொலைவு நிலம் கிடக்கின்றது. வணிகம் கொற்கையிலிருந்து பழையகாயலுக்கும், அங்கிருந்து தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது.

19ஆம் நூற்றாண்டில் பேராயர் கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் நிலத்தை அகழ்ந்து பார்த்து, பழந்துறைமுகம் இதுவே என எழுதினார். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கு அகழாய்வு நடத்தியது. செங்கற் கட்டுமானமும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், அறுத்த சங்குகளும் கிடைத்தன. அங்கே எடுத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. 2021இல் மீண்டும் இங்கு அகழாய்வு நடைபெற்றது.

கொற்கை நமக்குச் சொல்லும் முதற்பாடம் இது: ஊர்கள் இயற்கையாலும் அழியும். கடல் விலகியதற்கு எவரையும் குற்றஞ்சாட்ட இயலாது. ஆயினும் இன்று நம் ஊர்களில் காரை வீடுகளும் சத்திரங்களும் மண்டபங்களும் ஆலயங்களும் அழிவது ஆற்று வண்டலால் அன்று. அவற்றுட் பெரும்பாலானவை நம் கையால் அழிகின்றன. பாராமுகத்தால் பாதி அழிகின்றன; எஞ்சிய பாதி, நாம் அவற்றைப் 'புதுப்பிக்கும்' முறையால் அழிகின்றன. இரண்டாவது அழிவே இக்கட்டுரையின் பொருள்.

கொற்கைக் குளத்தருகே தொன்மையான வன்னிமரம் ஒன்று உண்டு. ஈராயிரம் ஆண்டு அகவை அதற்கு என ஊரார் கூறுவர். அக்கணக்கு எவ்வாறாயினும், மரத்திற்கு முதுமை வந்துவிட்டது என்பதற்காக அதனை வெட்டி வீழ்த்தி, அவ்விடத்தில் புதிய கன்றொன்றை நட்டு, 'வன்னிமரம் புதுப்பிக்கப்பட்டது' என்று கல்வெட்டு வைக்க எவரும் துணியார். மரத்திற்குக் காட்டும் இந்த எளிய அறிவைக் கட்டடத்திற்குக் காட்ட நாம் ஏன் தவறுகின்றோம்?

இடித்துக் கட்டுதல்

நம் பகுதியில் நடைபெறும் பழுதுபார்ப்புப் பணிகளை உற்று நோக்கினால் அவை மூன்று வழிகளில் செல்வதைக் காணலாம். முதலாவது, இடித்துவிட்டு அதே பெயரில் வேறொன்றைக் கட்டுதல்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1799இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையும் 1801 போருக்குப் பின் தரைமட்டமாக்கப்பட்டது. 1974இல் தமிழக அரசு அங்கே ஒரு நினைவுக் கோட்டையை எழுப்பிற்று. பள்ளிப் பிள்ளைகள் இன்றும் சுற்றுலாவாக அங்கே சென்று, கட்டபொம்மன் வாழ்ந்த கோட்டையைக் கண்டதாக மகிழ்ந்து திரும்புகின்றனர். உண்மையில் அவர்கள் கண்டது இருபதாம் நூற்றாண்டின் கட்டடத்தை. மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும் மெய்யான அடித்தளச் சுவர்களோ, சற்றுத் தள்ளி, பெரும்பாலோரின் கண்ணுக்குத் தப்பிக் கிடக்கின்றன. நினைவுச் சின்னம் கட்டியது பிழையன்று. வீரருக்குச் செய்யும் மரியாதை அது. நினைவுச் சின்னத்தையும் எச்சத்தையும் ஒன்றெனக் காண்போர் மயங்கும்படி விட்டதே குறை. தோற்றவன் கோட்டையை வென்றவன் எவ்வளவு முழுமையாக அழித்தான் என்னும் வரலாற்று உண்மையைச் சொல்லவல்லவை அந்த வெற்றுச் சுவரடிகள் மட்டுமே. புதிய கோட்டையின் நிமிர்ந்த மதில் அந்த உண்மையைச் சொல்லாது.

புதுச்சேரியில் கடற்கரையோரம் நின்ற 'மேரி' எனும் பழைய நகராட்சிக் கட்டடம், உரிய காலத்தில் பழுதுபார்க்கப்படாமையால், 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்தது. அதே தோற்றத்தில் கட்டப்பட்ட புதிய கட்டடம் 2021இல் திறந்து வைக்கப்பட்டது. வடிவம் மீண்டது, அதனை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும் உரிய நாளில் கூரை ஒழுக்கை அடைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு எங்கே, முழுவதுமாகக் கட்டி எழுப்பிய செலவு எங்கே! அழகிய படியைக் கண்டு மகிழும் வேளையில், மூலத்தை இழந்தோம் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பூசி மறைத்தல்

இரண்டாவது வழி இன்னும் பரவலானது. தீங்கும் அதில்தான் மிகுதி. கட்டடம் நிற்கின்றது, ஆனால் அதன் மேனி மாறிவிடுகின்றது. கருங்கல் தூண்களுக்கு எண்ணெய் வண்ணம்; கல்பாவிய தரையின்மேல் பளிங்கு ஓடு; சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டுப் பூச்சு. கோயில்களில் மணலை விசையுடன் வீசிக் கல்லைத் 'தூய்மை' செய்யும் முறையால் கல்வெட்டுகளும் சிற்பங்களின் நுண்மையும் தேய்ந்து போனது நாடறிந்த செய்தி. இத்தகைய பணிகளைக் குறித்து எழுந்த வழக்கில் 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் 75 வழிகாட்டுதல்களை வழங்க வேண்டியதாயிற்று.

சிமெண்டுப் பூச்சு ஏன் தீங்கு என்பதைச் சற்று விளக்குவது தேவை. ஏனெனில் நல்லெண்ணம் கொண்டோரே அதனை வலிமை என நம்பிச் செய்கின்றனர். நம் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டு, நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் கூட்டிப் புளிக்க வைத்துச் செய்த சாந்து அது. அதற்கு நுண்துளைகள் உண்டு. நிலத்திலிருந்து மேலேறும் ஈரம் அத்துளைகளின் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சுவர் மூச்சு விடுகின்றது எனக் கொத்தனார்கள் சொல்வது இதனைத்தான். சிமெண்டுப் பூச்சு அந்த மூச்சை அடைத்துவிடுகின்றது. உள்ளே அகப்பட்ட ஈரம் செங்கல்லிலேயே தங்குகின்றது. அதிற் கரைந்திருக்கும் உப்பு படிகமாகும்போது செங்கல் பொரிந்து உதிர்கின்றது. கடலோர ஊர்களில் இவ்வழிவு இன்னும் விரைவாகும். வெளியே வழவழப்பாகத் தோன்றும் சுவர், உள்ளே மாவாகிக் கொண்டிருக்கும். சில ஆண்டுகள் கழித்து அச்சுவர் விரிசல் கண்டதும், 'பழைய கட்டடம், இனித் தாங்காது' என்று தீர்ப்பு எழுதி இடித்துவிடுகின்றோம். கட்டடத்தைக் கொன்றது முதுமை எனப் பழி சுமத்தப்படுகின்றது. உண்மையில் கொன்றது நாம் செய்த மருத்துவம்.

பழைய மட்டப்பாவும் அத்தகையதே. தேக்கு அல்லது பனஞ்சட்டங்களின்மேல் சிறுசெங்கல்லைச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புக் கலவையை நாள்கணக்கில் தட்டிக் கெட்டிப்படுத்தி, தட்டோடு பதித்த கூரை அது. அதில் ஒழுக்கு ஏற்பட்டால் ஒழுகும் இடத்தைத் திறந்து, அரித்த சட்டத்தை மாற்றி, மீண்டும் சுண்ணாம்பே இட வேண்டும். நாம் செய்வதோ, அதன் தலைமேல் கற்காரைத் தளம் ஒன்றைச் சுமத்துவது. தாங்க இயலாத பாரத்தில் சட்டங்கள் வளைகின்றன.

ஜப்பானில் இசே என்னுமிடத்தில் உள்ள வழிபாட்டுத் தலம் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாகக் கட்டப்படுகின்றது. இறுதியாக 2013இல் கட்டப்பட்டது. 'அவர்களே இடித்துக் கட்டுகின்றனரே' எனச் சிலர் சான்று காட்டக்கூடும். அங்கே புதிதாவது மரம் மட்டுமே. அளவும், இணைப்பும், உளிபிடிக்கும் முறையும் முதிய தச்சரிடமிருந்து இளைய தச்சருக்குச் சிதையாமல் கைமாறுகின்றன. கட்டடத்தை மாற்றிக் கலையைக் காக்கின்றனர். நம் நாட்டிலும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்னும் மரபு இதே நோக்கில் அமைந்ததாகலாம். நாமோ ஆண்டுக் கணக்கை மட்டும் காத்துக்கொண்டு, கைத்தொழிலைக் கைவிட்டோம்.

பெயர்த்தெடுத்தல்

மூன்றாவது வழி, இடத்தைக் கைவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துச் செல்லுதல். செட்டிநாட்டு மாளிகைகள் பல இவ்வாறே கரைந்தன. நூற்றுக்கணக்கான பங்காளிகளுக்கு உரிய வீடு பூட்டிக் கிடக்கும். ஒருநாள் அதன் தூணும் கதவும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேரும். பின்னர் அவை ஏதோ ஒரு நகரத்து விடுதியின் முகப்பில் அணியாக நிற்கும். கதவு பிழைத்தது, வீடு இறந்தது. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் ஏறும் வேகத்தைவிட வீடுகள் விலையாகும் வேகம் மிகுதி.

தொல்லியலிலும் இக்கேள்வி உண்டு. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. பின்னர் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. முன்னோர் புதையுண்ட ஊரில் பல தலைமுறைகளாகக் காண எதுவும் இல்லை. 2023இல் முதுமக்கள் தாழிகளை அவை கிடந்த குழியிலேயே கண்ணாடித் தளத்தின் வழியே காணும் ஏற்பாடு அங்கே செய்யப்பட்டது. மூன்று வழிகளிலும் சேராத, பாராட்டத்தக்க முயற்சி இது. பொருள் பெயரவில்லை, இடம் மாறவில்லை, மேலே எதுவும் பூசப்படவில்லை.

இவ்விடத்தில் ஓர் இலக்கியச் செய்தியையும் குறிப்பிடலாம். ஜோ டி குரூஸ் தூத்துக்குடியின் இருபதாம் நூற்றாண்டு வாழ்வை எழுதிய புதினத்திற்குக் 'கொற்கை' என்றே பெயரிட்டார். 2009இல் வெளிவந்த அந்நூல் 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. கல்லும் காரையும் மீட்க இயலாத ஒரு தொடர்ச்சியை அந்த ஒற்றைப் பெயர் மீட்டது எனலாம். முத்தும் சங்கும் தோணியும் அறிந்த மக்கள் துறைமாறிச் சென்றாலும் அவர்களோடு கொற்கையும் சென்றது என்று உணர்த்தும் தலைப்பு அது. ஆயினும் எழுத்து வீட்டிற்கு ஈடாகாது. எழுத்தைப் படிப்பவருக்கு மட்டுமே அது நினைவு. வீடோ தெருவில் நடக்கும் எவருக்கும் நினைவு.

வாரிசுகளின் வீடு

நம் சிற்றூர்களில் பழைய வீடுகள் ஏன் பாழாகின்றன என்பதற்குப் பலரும் பற்றின்மையைக் காரணம் காட்டுவர். அது முழுவுண்மை அன்று. தார்சாவும் பட்டாசலும் இரண்டாங்கட்டும் கொண்ட ஒரு வீட்டைக் கட்டியவர் ஒருவர். அவருக்குப் பின் பிள்ளைகள் நால்வர். அவர்தம் மக்கள் பதினைவர். பாகப்பிரிவினை நடந்திராது. பட்டாவில் இறந்தவர் பெயரே இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் மும்பையில், ஒருவர் வளைகுடா நாட்டில். ஓர் ஓட்டை மாற்றுவதற்கும் எவர் செலவிடுவது என்னும் வழக்கு எழும். செலவிடுபவருக்கு வீடு முழுவதும் உரிமையாகாது. செலவிடாதவருக்கு உரிமை குறையாது. எனவே எவரும் செலவிடுவதில்லை. நடுவே ஒரு மழைக்காலம் வருகின்றது. சுவர் வெடிப்பில் பறவை இட்ட விதையிலிருந்து அரசங்கன்று முளைக்கின்றது. பத்து ஆண்டுகளில் அதன் வேர் பங்காளிகள் செய்யாத பாகப்பிரிவினையைச் செய்து முடித்துவிடுகின்றது.

மணப்பாடு போன்ற கடலோர ஊர்களின் கதையும் இதனோடு இணைந்ததே. இலங்கையோடு நடந்த வணிகத்தின் செழிப்பில் எழுந்த பெரிய வீடுகள், அவ்வணிகம் நலிந்தபின் ஆளின்றிப் பூட்டப்பட்டன. காயல்பட்டினத்தில் பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு சென்றுவரப் பயன்பட்ட 'முடுக்கு' எனும் ஒடுங்கிய சந்துகள் உண்டு. பழைய வீடுகள் இடிபடும்போது இத்தகைய வழக்காறுகளும் உடன் இடிபடுகின்றன. அவ்வழக்கத்தை இன்று நாம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆயினும் ஒரு சமூகம் எவ்வாறு வாழ்ந்தது என்பதைக் காட்டும் சான்று அந்தச் சந்து.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், பொருநை பெருக்கெடுத்து ஏரலையும் திருவைகுண்டத்தையும் சூழ்ந்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். பேணாத வீடுகளுக்கு அத்தகைய வெள்ளம் இறுதித் தீர்ப்பாகிவிடுகின்றது. பராமரித்தல் என்பது அழகுணர்ச்சி மட்டும் அன்று, உயிர்காக்கும் கடமையும் ஆகும் என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

சட்டத்தின் துணையும் இங்கே சுருக்கமானதே. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவிக்கப்பட்டவற்றையே காக்கின்றன. அறிவிக்கப்படாத வீட்டிற்கும் சத்திரத்திற்கும் அவை குடைபிடிப்பதில்லை. தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையத்திற்கான சட்டம் 2012இல் இயற்றப்பட்டு, 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை வீடுகளின் உத்தரங்கள் விறகாயின என்பதற்குக் கணக்கில்லை.

நம் ஆலயங்கள்

பிறரைத் திறனாய்ந்த கண்ணை நம் பக்கமும் திருப்புவதே முறை. பங்கு ஆலயம் சிறிதாகிவிட்டது, திருவிழாக் கூட்டம் வெயிலில் நிற்கின்றது, மழைக்கு ஒழுகுகின்றது. இவை மெய்யான இடர்ப்பாடுகள். ஆனால் ஒவ்வொரு முறையும் தீர்வு பழையதை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டுவதாகவே அமைய வேண்டுமா? பாளையங்கோட்டையில் குளோரிந்தா கட்டிய சிற்றாலயம் 1785ஆம் ஆண்டினது. 1826இல் தூய திரித்துவப் பேராலயம் எழுந்தபோதும் அச்சிறிய கோயில் இடிக்கப்படவில்லை. இன்றும் அது நிற்கின்றது. தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்த நம் சகோதரர்களிடமிருந்து கற்கத்தக்க பாடம் இது: பெரியது கட்டச் சிறியதை இடிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, திருத்தலங்களின் கலைப்பொருள்கள் விலைபோகாமலும் சிதையாமலும் ஆயர்கள் கருத்தாய்க் காக்க வேண்டும் எனப் பணித்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், ஆலயம் கட்டுவதிலும் பழுதுபார்ப்பதிலும் வல்லுநர் அறிவுரையைப் பெற வேண்டும் என்கின்றது. ஆயினும் அச்சங்கத்தின் பெயராலேயே உலகெங்கும் பழைய மரப்பீடங்கள் பெயர்த்தெறியப்பட்டன என்பது வரலாற்றின் முரண். ஏட்டின் ஒரு பக்கத்தைப் படித்து மறுபக்கத்தைப் படியாது விட்டமையின் விளைவு அது.

ஆயினும் இடிப்பது எல்லாம் குற்றம் எனக் கூறிவிட இயலாது. வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தின் வரலாறு இதனை நமக்குக் கற்பிக்கின்றது. 1872இல் திறக்கப்பட்ட அவ்வாலயம், இரு சாதியினர் ஒருவரையொருவர் காணாமலே ஒரே பீடத்தை நோக்கி வழிபடத்தக்கதாக இரண்டு கிளைகளாய் அமைக்கப்பட்டது. நடுவே பிரிவினைச் சுவர் இருந்தது. 1910இல் அருட்தந்தை கௌசானல் காலத்தில் அச்சுவர் அகற்றப்பட்டது. எதிர்த்தோர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்து, சாதிப் பிரிவினைக்கான உரிமைக் கோரிக்கை ஏற்கப்படாமல் முடிந்தது. அந்தச் சுவரை இடித்ததே அவ்வாலயத்திற்குச் செய்த மிகச் சிறந்த திருப்பணி என்பதில் நமக்கு ஐயமில்லை. கட்டடம் மனிதனுக்காக, மனிதன் கட்டடத்திற்காக அல்லன்.

எனினும் அங்கேயும் ஒரு நுட்பம் உண்டு. சுவர் இருந்தது என்பதையே அறியாதபடி அதன் தடத்தையும் அழித்துவிட்டால், அது இடிக்கப்பட்டதன் பெருமையும் உடன் அழியும். நேர்மையான புதுப்பித்தல் கறையைக் காத்து வைத்துக் கொண்டாடாது. கறை இருந்ததை மறைக்கவும் செய்யாது. இங்கே கூற விரும்பும் அளவுகோல் இதுவே: ஒரு திருப்பணியின் பின் அக்கட்டடம் தன் கதையை முன்னிலும் உண்மையாகச் சொல்கின்றதா, அன்றிப் பொய் சொல்லத் தொடங்குகின்றதா? 1964இல் வெனிசு நகரில் கூடிய கட்டடக் கலைஞர் வகுத்த சாசனமும், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்றே நெறிப்படுத்திற்று.

மனிதரா, கற்களா?

'பசித்த வயிறுகள் இருக்கும்போது பழஞ்சுவர்களுக்குச் செலவா?' என்னும் கேள்வி நியாயமானது. அதனைத் தட்டிக் கழிப்பது நமக்கு அழகன்று. இக்கேள்வியைக் கேட்போர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். புதிய கட்டடத்தில் செலவின் பெரும்பகுதி இரும்புக்கும் சிமெண்டுக்கும் பளிங்குக்கும் போகின்றது. அப்பணம் ஊரைவிட்டு வெளியேறுகின்றது. பழையதைச் சுண்ணாம்பு கொண்டு பேணும் பணியிலோ செலவின் பெரும்பகுதி கூலியாக உள்ளூர்க் கைகளுக்கே சேர்கின்றது. சுண்ணாம்பு நீற்றுவோர், சாந்து அரைப்போர், தட்டோடு பதிப்போர், தச்சர் ஆகியோர்க்கு அது வேலை. இவர்தம் தொழிலறிவு ஏட்டில் இல்லை, விரலில் இருக்கின்றது. கடைசிக் கொத்தனாரோடு அதுவும் புதைக்கப்பட்டால் பின்னர் எத்தனை கோடி கொடுத்தும் மீட்க இயலாது.

பாரிசு நகரின் நோத்ருதாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீக்கிரையானதை உலகம் கண்ணீரோடு கண்டது. அதன் கூரைச் சட்டங்களைப் பழைய முறைப்படியே கருவாலி மரத்தில் கோடரியால் செதுக்கி அமைத்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தனர். செல்வ நாடு என்பதனால் மட்டும் இது கைகூடவில்லை. அம்முறை அறிந்த தச்சர் அங்கே இன்னும் எஞ்சியிருந்தனர் என்பதே முதன்மைக் காரணம். பணத்தைத் திரட்டலாம், இல்லாத கையைத் திரட்ட இயலாது. நம் மாவட்டத்தில் ஒரு பழைய மட்டப்பாவைப் பழுதுபார்க்க இன்று எத்தனை கொத்தனார்கள் உளர்?

மற்றொன்றும் உண்டு. பழைய வீடுகள் அனைத்தையும் காப்பது இயலாது, தேவையும் இல்லை. ஓர் ஊரில் எவை ஊரின் நினைவைத் தாங்குகின்றன என்பதை ஊராரே கூடிப் பேசித் தேர வேண்டும். தேர்ந்தவற்றைக் காட்சிப் பொருளாக்காமல் பயன்பாட்டில் வைக்க வேண்டும். நூலகமோ, மாலை வகுப்போ, முதியோர் கூடமோ, ஊர்க் கூட்டமோ எதுவாயினும், விளக்கேற்றப்படும் வீடு விழுவதில்லை. கதவு திறக்கப்படுவதே முதற்பராமரிப்பு. காற்று உலவும், கறையான் புற்றும் ஒழுக்கும் தொடக்கத்திலேயே கண்ணிற் படும்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்களுக்குக் காத்திராமல் இன்றே தொடங்கத்தக்க சில உண்டு. மழைக்காலத்திற்கு முன் கூரையில் தேங்கிய சருகை அகற்றி, தூம்பின் அடைப்பை எடுத்தல். சுவரில் முளைக்கும் கன்றை விரல்பருமனாய் இருக்கும்போதே வேரொடு களைதல். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே பூசுதல். இவற்றிற்கு நன்கொடைக் குழுவோ சிறப்பு மலரோ தேவையில்லை. எந்தப் பழுதுபார்ப்புக்கும் முன் கட்டடத்தை அளந்து, வரைந்து, ஒளிப்படம் எடுத்து வைத்தல் வேண்டும். பங்குப் பதிவேடுகளில் திருமுழுக்கையும் திருமணத்தையும் எழுதி வைக்கும் நாம், ஆலயத்தில் எப்போது எது மாற்றப்பட்டது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி வைக்கலாகாதா? நிதி திரட்டும் திருப்பணிக் குழுக்களில் பொறியாளரோடு பழந்தொழில் அறிந்த கொத்தனார் ஒருவரையும் உறுப்பினராக அமர்த்தலாகாதா? ஒவ்வொரு பெரிய திருப்பணியிலும் இளைஞர் இருவரையேனும் அவரிடம் தொழில் பயில வைக்கலாகாதா?

வாரிசுகளால் முடங்கிய வீடுகளைப் பொறுத்தவரை, முதியோர் உயிரோடு இருக்கும்போதே எழுத்தால் தீர்வு காணுதல் நன்று. வீட்டை ஒருவர்க்கு விட்டுக்கொடுத்துப் பிறர் வேறு பங்கு பெறுதல் ஒரு வழி. குடும்பத்தார் சேர்ந்து ஓர் அறக்கட்டளையாக்குதல் மற்றொரு வழி. விட்டுக்கொடுக்க மனமில்லாத இடத்தில் எத்தனை மூட்டைச் சுண்ணாம்பும் பயன்படாது. கட்டடம் விரிசல் காணும் முன்னரே உறவு விரிசல் கண்டுவிடுகின்றது என்பதே நம் ஊர்களின் பூட்டிய வீடுகள் கூறும் செய்தி.

கொற்கையில் மண்ணை அகழ்ந்தோர்க்குக் கிடைத்தவற்றுள் பொன்னும் முடியும் இல்லை. செங்கல் வரிசையும், உடைந்த பானையில் ஒருவர் கீறிய எழுத்தும், வளையல் அறுத்தெடுத்தபின் எறிந்த சங்குத் துண்டுகளும் கிடைத்தன. உழைத்தவர்கள் விட்டுச் சென்றவை அவை. அவற்றைக் கொண்டே ஈராயிரத்தெண்ணூறு ஆண்டுப் பழமையை நாம் பேசுகின்றோம். நாளை நம்மை அகழ்வோர்க்கு நாம் எதனை விட்டுச் செல்கின்றோம்? கடல் கொற்கையைக் கைவிட்டது. அதற்கு நம்மிடம் மாற்றில்லை. நம் தெருவில் நிற்கும் பழைய வீட்டையும், நம் பாட்டனார் திருமுழுக்குப் பெற்ற பழைய ஆலயத்தையும் நாம் கைவிடுவோமாயின், அதற்குப் பொறுப்பு நம்முடையதே. அடுத்த மழைக்கு இன்னும் சில திங்கள் உண்டு. ஏணியைச் சாத்திக் கூரைமேல் ஏறிப் பார்ப்போம்.